கோடு போட்ட வீடு

எங்கள் சபைப் பாடகர் குழுவுக்குக் கிறிஸ்துமஸ் நவம்பரிலேயே தொடங்கிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என்னென்ன பாட்டு, யாருக்கு எந்தக் குரல், வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்டுக்கு எந்த வீடு முதலில் என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவோம். எழுதுவது நான். திட்டுவதும் நான்தான். தையல் கடைக்காரி, அளவு தப்பினால் துணியை விடமாட்டேன், சுருதி தப்பினால் ஆளை விடமாட்டேன். கம்பத்துப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேர் மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் ஜீப்புகள் இறங்கி வந்தால்தான் பாட ஆள் உண்டு.

குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர் ஒரு ஜீப் டிரைவர். அவர் மனைவி எங்கள் ஆல்டோ. அதே ஜீப்பில் தோட்டத்துக்குப் போய்வருவாள். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் ஆல்டோ வரியையே முணுமுணுக்கிறாள் என்று கூட வரும் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆல்டோ ராகத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகும் குரல். தனியாகக் கேட்டால் பாட்டென்றே தோன்றாது. கூட நிற்கும் இரண்டு பெண்களும் அவளை நம்பித்தான் பாடினார்கள். அவளிடம் ஒரே குறை. சரணத்தின் இரண்டாம் வரி முடியுமுன்னே, வார்த்தை நடுவில் மூச்சு எடுத்துவிடுவாள். எத்தனையோ வருடம் திட்டினேன். சிரிப்பாள், மறுபடி அங்கேயே எடுப்பாள்.

ரவுண்டில் கடைசி வீடு எப்போதும் அவர்கள் வீடு. அதற்கு முந்தின வீட்டில் பாட்டு முடியுமுன்னே அவள் நழுவி ஓடிவிடுவாள், சுக்குக் காப்பி வைக்க. நாங்கள் போய்ச் சேர்ந்து தெருவில் நின்று பாடுவோம். அவள் வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்துத் தன் ஆல்டோவைப் பாடுவாள்.

போன ஆனி மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் பத்தே நாளில் போய்விட்டாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்படி என்ன அவசரம் அவளுக்கு?

சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருடம் கேரல் போவதில்லை என்பது எங்கள் சபை வழக்கம். நவம்பரில் பட்டியல் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி வீடு வந்தது. அவள் கணவர் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். நான் நிமிராமல் அதை அடித்துக் கோடு போட்டேன். அந்தக் கையோடு, இந்த வருடம் ஆல்டோ வேண்டாம், எல்லாரும் ஒரே ராகம் பாடுவோம் என்றும் சொல்லிவிட்டேன். மரியாதை செய்கிறோம் என்று நினைப்பு. அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்று எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அவர் ஒரு ரிகர்சலையும் விடவில்லை. கடைசி ரிகர்சல் அன்று மற்றவர்கள் போகும்வரை நின்றார்.

"அக்கா, எங்க வீட்டுக்கு மட்டும் வரமாட்டீகளா?"

வழக்கத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வழக்கம் எனக்கும் தெரியும்க்கா. அவ நின்ன வாசல்ல ஒரு வருசம் கிறிஸ்மஸ் பாட்டு இல்லாமப் போச்சுன்னா, அவ அங்கன நின்னதே இல்லைன்னு ஆயிரும். எனக்கு அதுதேன் தாங்காது."

தாளை எடுத்து, கோட்டுக்குக் கீழே அந்த வீட்டைத் திரும்ப எழுதினேன். சபையில் இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள், அந்த மனிதரிடம் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரவுண்டு அன்று, கடைசிக்கு முந்தின வீட்டில் பாதிப் பாட்டில் திரும்பிப் பார்த்தால் பேஸைக் காணோம். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாரே என்று எரிச்சலாக வந்தது. எங்கே போனார் என்று அடுத்த தெரு திரும்பியபோதுதான் புரிந்தது. அவர் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. சுக்குக் காப்பி மணந்தது. அவர் வாசற்படியில் எங்களைப் பார்த்து நின்றார்.

நான் முடிவு செய்தபடி ஒரே ராகத்தில் தொடங்கினோம். முதல் வரி முடிவதற்குள் ராகத்துக்குக் கீழே இன்னொரு குரல் கேட்டது. பேஸ் பாடுகிறார், சொன்னதைக் கேட்கவில்லை என்று முறைத்தேன். அது பேஸ் இல்லை. அவளுடைய ஆல்டோ. ஆண் குரலில், கனமாக, ஒரு ஸ்வரம் பிசகாமல். எத்தனை வருடம் அந்த ஜீப்பில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டிருப்பார்!

அவளோடு நின்று ஆல்டோ பாடிய அந்த இரண்டு பெண்களும் எங்கள் ராகத்தை விட்டு அவர் குரலோடு போய்ச் சேர்ந்தார்கள். நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

சரணத்தின் இரண்டாம் வரி வந்தது. முடியுமுன்னே, வார்த்தை நடுவில், அவர் மூச்சு எடுத்தார்.

நான் திருத்தவில்லை.