நன்மை வாங்காத வார்டர்

பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்க மணி அடித்ததும் கிளமென்ட் எழுந்து கோயிலுக்கு வெளியே போய்விடுவார். மற்றவர்கள் பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியண்டை மண்டியிட்டு நாக்கை நீட்டும் நேரத்தில், இவர் வேப்பமரத்தடியில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருப்பார். கேட்டால், "பாலக்கரையில சைக்கிள் திருட்டு ஜாஸ்திங்க" என்பார். பூசையின் மற்ற நேரத்தில் திருடன் வரமாட்டானா என்று அந்த மீசையைப் பார்த்துக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

வார்டர் வேலை முடிந்து பென்ஷன் வாங்கியும் ஜெயில் அவரை விடவில்லை. வீட்டுக் கதவைச் சாத்தினால் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுக்கமாட்டார், தரையில் வைத்துத் தள்ளுவார். "நான் என்ன கைதியா?" என்று மனைவி பாக்கியமேரி திட்டினால் சிரிப்பார்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் சிரிக்கமாட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஒரு தூக்கு. விசையை இழுக்கிற ஆளுக்கு அம்மை கண்டிருந்தது. பெரிய அதிகாரி அந்த இடத்தில் இவரை நிற்கச் சொன்னார். தண்டனைக்காரன் பெயர் அழகிரி, துறையூர்ப் பக்கம். முகத்தை மூடுமுன் இவரைப் பார்த்து, "பலகை ஜில்லுன்னு இருக்குங்க" என்றான். அதிகாரி வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த கைக்குட்டையைக் கீழே விட்டார். இவர் இழுத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லலீங்க. நாளைக்கு ஆண்டவர் 'யார் சொல்லிக் கொன்னே'ன்னு கேட்டா கைக்குட்டையையா காட்டுறது?" என்பார்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறுவார். கோபுரவாசலோடு நின்றுவிட்டுத் திரும்புவார். "அவன் பெருமாளைக் கும்பிட்டவன். அங்கயும் நம்ம கேஸ் இருக்குமில்ல?"

இந்தத் தவசுகால நோன்பு நாட்களில் பாக்கியமேரி விடவில்லை. மகள் டோரதிக்குச் சம்பந்தம் பேசியிருந்தது. "மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க, உங்க வீட்டுக்காரரு ஏன் நன்மை வாங்குறதில்ல, எங்கயாச்சும் வைப்பாட்டி இருக்கான்னு. நான் என்னத்தைச் சொல்ல?"

"இருக்குன்னு சொல்லிடு. அது தேவலை."

அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பாஸ்கு என்ற ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டார். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சுவாமியார் அழகிரி கதையைப் பல தடவை கேட்டவர்.

"கிளமென்ட், அது சட்டம். செஞ்சது சர்க்கார். உன் மேல பாவமே இல்ல. மன்னிச்சாச்சு, போ."

"பாவமே இல்லைன்னா எதை மன்னிச்சீங்க சாமி?"

தட்டிக்குப் பின்னால் சுவாமியார் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பாவம்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. அப்பத்தான் மன்னிப்பு எனக்கு வந்து சேரும், நானும் நன்மை வாங்க முடியும்."

"அப்படிச் சொன்னா தீர்ப்பு எழுதினவரையும் சேத்துல்ல சொல்லணும்?" சுவாமியார் பெருமூச்சு விட்டார். "போப்பா, பின்னால ஜனம் நிக்குது."

மறுநாள் பூசையில் மணி அடித்தது. கிளமென்ட் வெளியே போகவில்லை. சம்பந்தி வீட்டார் பார்த்திருக்க, முன்னால் நடந்து போய்க் கிராதியண்டை மண்டியிட்டார். பெண்கள் பக்கத்தில் பாக்கியமேரி முக்காட்டுக்குள் அழுதாள், சந்தோஷ அழுகை.

சுவாமியார் ஒவ்வொருவராக வந்து, இவர் முன்னால் நின்று அப்பத்தை நீட்டினார். கிளமென்ட் வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. மன்னிப்பு இன்னும் வந்து சேராத கிளமென்ட் தலையைக் குனிந்துகொண்டு, அவருக்குக் கொடுங்கள் என்பதுபோல, பக்கத்தில் நாக்கை நீட்டிக் காத்திருந்த கிழவரை உள்ளங்கையால் காட்டினார்.