காத்திருப்போர் எண்ணிக்கை

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எந்தப் படிப்புக்கு என்ன தகுதி, எங்கே விடுதி, கடைசித் தேதி எது என்று மாணவர்களுக்காகக் கரும்பலகையில் எழுதிப்போடுவது என் வேலை. மேலூர்ப் பக்கம் கல் உடைக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நர்ஸா, டீச்சரா, எதுக்கு சார் சீக்கிரம் வேலை கெடைக்கும்?"

"டீச்சருக்குப் படிம்மா. கௌரவமான வேலை," என்றேன்.

ஆசிரியர் வேலைக்குக் காத்திருப்பவர்கள் நர்ஸுகளைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் கணக்கு என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. யாருக்கும் காட்டலாம். நான் எடுக்கவில்லை.

அவள் பயிற்சி முடித்துப் பெயரைப் பதிந்தாள். சில வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்க வந்தபோது கையெல்லாம் காய்த்துப் போயிருந்தது.

"கல்லு ஒடைக்கத்தான் போறேன் சார். எனக்கு முன்னால எம்புட்டுப் பேரு இருக்காக?"

சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார்," என்றாள். குரலில் கோபமே இல்லை.

மறுநாளே காத்திருப்போர் எண்ணிக்கையையும் பலகையில் எழுதத் தொடங்கினேன். அடுத்த முறை புதுப்பிக்க அவள் வரவில்லை. காலாவதியான அவள் பதிவு அட்டையை நான்தான் வரிசையிலிருந்து உருவி எடுத்தேன். இன்றும் ஏதாவது கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயரைப் பார்த்தால், ஊர் மேலூர்ப் பக்கமா என்று தேடுகிறேன்.