பின்னேர வகுப்பில் படித்தவன்

உண்மை சொன்ன ஒருவனை, அவன் சொல்வது உண்மை என்று தெரிந்தும், எல்லாருக்கும் முன்னால் பொய்யனாக்கினேன். ஒரு கிண்ணத்துக்காகச் செய்தேன்.

கோடை வந்தால் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் இலண்டனில் மறுபடி மோதிக்கொள்ளும். பழைய மாணவர் சங்கங்களின் உதைபந்தாட்டப் பருவம் அது. எங்களுடையது சின்னக் கல்லூரி. முகாமையாளர் என்ற பெயரில் நான் இலண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வடக்கே எட்மண்டன் வரை கார் ஓடி ஆள் சேர்ப்பேன். எங்கள் கல்லூரி கடைசியாகக் கிண்ணம் வென்றது ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெறுங்காலோடு ஆடிய ஒரு பருவத்தில்.

"உங்கட கப் வெள்ளைக்காரன் காலத்துக் கப் அண்ணை. இப்ப துருப்பிடிச்சிருக்கும்" என்று பெரிய கல்லூரிக்காரர் வருடாவருடம் சிரிப்பார்கள்.

அந்த வருடம் என்ன நடந்ததென்று எங்களுக்கே விளங்கவில்லை. முதல் ஆட்டத்தைக் கொட்டும் மழையில் வென்றோம். அரையிறுதியில், கோலியர்ஸ் வுட்டில் கடை வைத்திருக்கும் எங்கள் பின்கள வீரர் கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து, பாதித் திடலைத் தாண்டி வலைக்குள் விழுந்தது.

"எப்பிடியண்ணை அடிச்சனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்? பந்தைக் கேளடா!"

தொண்டை கட்டும்வரை கத்தினேன். இறுதியாட்டம் பெரிய கல்லூரியோடு. இடைவேளையில் ஆளுக்கொரு கோல். அவர்களின் கோலை அடித்தவன் எங்கள் ஆட்கள் மூவரை வெட்டிக்கொண்டு போன விதத்தைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது: இவன் நிற்கும்வரை கிண்ணம் எங்களுக்கில்லை.

அவன் என் தெருக்காரன். ஷிப்டுக்குப் போக என் காரில் ஏறுவான். போரில் பெரிய கல்லூரி இடம்பெயர்ந்து, எங்கள் கல்லூரி வளவிலேயே, எங்கள் வகுப்புகள் முடிந்தபின் பின்னேர வகுப்பு நடத்திய காலத்தில் படித்தவன். பள்ளிப் பத்திரங்களைப் போருக்குத் தப்பி ஓடியபோது தொலைத்தவன். "உங்கட ஆய்வுகூடத்தில ஒரு படி உடைஞ்சது அண்ணை. அதில விழுந்துதான் இந்தப் பல்லுப் போனது" என்று ஒருநாள் வாயைத் திறந்து காட்டினான். அதே படியில் நானும் விழுந்திருக்கிறேன். அங்கே படிக்காதவனுக்கு அந்தப் படி தெரியாது.

இடைவேளையில் நடுவரிடம் போனேன். "இவர் இவையின்ர கல்லூரியில படிச்சதுக்கு என்ன அத்தாட்சி?"

ஆட்சேபித்தால் சான்றிதழ் காட்ட வேண்டும், அல்லது கூடப் படித்த ஒருவர் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர்களின் அணியில் மற்ற எல்லாரும் இடப்பெயர்வுக்கு முன்பே வெளிநாடு வந்தவர்கள். அவனோடு ஒரே வகுப்பு வாங்கில் இருந்து படித்தவர் ஒருவருமில்லை.

"அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே?" என்றான்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவனுடைய ஆட்களே அவனைச் சுற்றிக்கொண்டார்கள். "டேய், நீ உண்மையாப் படிச்சனியோ?"

அவன் சட்டையைக் கழற்றி, மடித்து, புல்லில் வைத்துவிட்டுப் போனான். நாங்கள் வென்றோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். வெட்கமின்றிச் சொல்கிறேன், அன்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகு பல கோடைகள் அவன் எந்தத் திடலுக்கும் வரவில்லை. சென்ற மாரியில் அவனை மழையில் பஸ்ஸுக்கு நிற்கக் கண்டு காரை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கியும் அவன் என் பக்கம் திரும்பவில்லை. அன்று முழுவதும் அந்தக் கண்ணாடியை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கோடையில், முதல் ஆட்டத்துக்கு முன் ஒலிவாங்கியை வாங்கி நடந்ததைச் சொன்னேன். உடைந்த படியையும் சொன்னேன். கிண்ணத்தை நீட்டினேன்.

"கிழவருக்கு விசர்!" என்று தன் தலையில் விரலைச் சுழற்றிக் காட்டினான் எங்கள் கோல் காப்பாளன்.

பெரிய கல்லூரிக்காரர் வாங்கவில்லை. "சும்மா வேண்டாம். விட்ட இடத்திலயிருந்து விளையாடுவம்" என்றார்கள். அவனுடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அவனை அழைத்துவந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, அதே இரண்டு அணிகள், ஆளுக்கொரு கோல், இரண்டாம் பாதி. எல்லாருக்கும் வயிறு தள்ளி வண்டி வைத்திருந்தது. எங்கள் பின்களக் கடைக்காரர் ஓட முன்னமே மூச்சிளைத்தார். ஆனாலும் திடல் கொதித்தது. வெளியே நின்றவர்கள் கோட்டுக்குள் வந்துவிட்டார்கள். முடியப் போகிற நேரம் அவனுக்குப் பந்து கிடைத்தது. ஒருவரை வெட்டினான், இரண்டாமவர் தானே வழுக்கி விழுந்தார். அடித்தான்.

"கோல்!" என்று நான் துள்ளினேன்.

"அண்ணை, அது எங்களுக்கு விழுந்த கோல்!"

"தெரியுமடா!" என்று மறுபடியும் கத்தினேன்.

கிண்ணத்தை நானே அவன் கையில் கொடுத்தேன். கொத்துரொட்டி வரிசையில் அவன் எனக்குப் பின்னால் நின்றான்.

"நான் செய்தது பிழை, தம்பி" என்றேன்.

"ஓம்" என்றான். பிறகு, "முதல் நீங்கள் எடுங்கோ, ஐயா."

முன்பு அண்ணை என்பான். மழை தூறத் தொடங்கியது. காரில் வரச்சொல்லிக் கேட்டேன். பஸ் இருக்கு என்றான். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸின் மேல்தட்டில், முன் ஆசனத்தில் இருந்து போனான்.