மாட்டுக் கொட்டகையில் முறுக்கு மெசின்

எனக்கு முறுக்கு மெசின் கொடுத்த அன்றைக்கு அரசாங்கமும் கம்பெனியும் மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கம் என்றால் பிரதேச செயலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி. கம்பெனி என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற மனேஜர், எங்களுக்குத் துரை. திட்டம் அரசாங்கத்துடையது, பணம் கம்பெனியுடையது, இரண்டும் சேர்ந்தால் தோட்டத்துப் பெண்கள் முதலாளி ஆகிவிடலாம் என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் தலையாட்டினார். தலவாக்கலை டவுனில் ஒரு மண்டபம். மேசைக்கு வெள்ளைத் துணி, கேக், பால்தேத்தண்ணி. மெசினுக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். அன்றைக்கு உண்மையாகவே சந்தோசம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்த மெசின் எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி பாஸாக இருந்தார். கல்லில் ரொட்டி போடுகிறவருக்குக் கடையில் மரியாதை உண்டு, சம்பளமும் உண்டு. ஆனால் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே. தீபாவளிக்கு வருவார், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருவார், வந்த மறுநாளே போகிற பஸ்ஸைப் பற்றிப் பேசுவார். மகள் சின்ன வயதில் அவரைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

நான் சுடுகிற முறுக்கையும் மிக்சரையும் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மலைக்கு வாங்கிப் போவார்கள். டவுன் கடைக்காரர்களும் கேட்டார்கள். ஆனால் லேபல் ஒட்டின பக்கெட்தான் வேண்டும் என்றார்கள். லேபல் ஒட்டுவதென்றால் வியாபாரத்தைப் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் கடை கடையாகச் சரக்குப் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக அவர் வந்துவிடலாம். இவ்வளவுதான் என் திட்டம். முதலாளி ஆக நான் ஆசைப்படவில்லை. புருசன் வீட்டில் இருக்க ஆசைப்பட்டேன்.

பதிவுக்கு முன்னால் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பரா ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அந்த இஸ்தோப்பில்தான் நான் சட்டி வைத்திருந்தேன். ஆள் படுக்கிற இடத்தில் விற்கிற சாமான் சுடக் கூடாது, தனியாக ஒரு கொட்டகை போட்டு, சீமெந்துத் தரை போட்டு, தண்ணீர் இழுத்துவிட்டுச் சொல்லுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னது நியாயம்.

லயத்துக்குப் பின்னால் நாங்கள் லீக்ஸும் போஞ்சியும் போடுகிற ஒரு துண்டு இருக்கிறது. என் மாமியாருக்கு மாமியார் கொத்திய மண். ஆனாலும் எங்களுடையது இல்லை. அதனால் அனுமதி கேட்கத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். எங்கள் ஆபீசில் நாங்கள் உள்ளே போய் உட்கார முடியாது, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். மேடையில் என்னை அம்மா என்று கூப்பிட்ட அதே துரை, ஜன்னலுக்கு உள்ளே இருந்து, காணி அரசாங்கத்துடையது, கம்பெனி குத்தகைக்குத்தான் வைத்திருக்கிறது, கொட்டகை கட்ட விடுவதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

பிரதேச செயலகத்துக்குப் போனேன். எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பான மிஸ் நல்ல பிள்ளை, கதிரை போட்டு உட்காரச் சொன்னார். காணி அரசாங்கத்துடையதுதான், ஆனால் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று, துரை கடிதம் தராமல் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார். திரும்பவும் ஜன்னல். திரும்பவும் கதிரை. இடையில் எத்தனை நாள் கொழுந்து எடுக்கப் போகாமல் பேர், அதாவது அன்றைய சம்பளம், இழந்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை. மெசின் கொடுக்கும்போது நான் இரண்டு பேருக்கும் சொந்தம். இடம் கேட்டபோது இரண்டு பேருக்கும் நான் யாரோ.

வீட்டுக்காரரிடம் போனில் சொல்லி அழுதேன். அவர் சொன்னார், “நான் வர்றேன். போட்டுட்டுப் பாப்போம். ஒடைச்சா ஒடைக்கட்டும்.”

கடை முதலாளி, நீ போனால் கல்லில் வேறு ஆள் நிற்பான், திரும்பி வந்தால் அந்த இடம் இருக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அப்படியும் வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்ததை நான் இஸ்தோப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோசனை சொன்னது பக்கத்துக் காம்பரா அண்ணன். அவருக்கு ஒரு மாடு உண்டு. அதைக் கட்ட ஒழுங்கான இடம் இல்லாமல் மரத்தடியில் கட்டிவைத்திருந்தார்.

“மச்சான், இந்தத் தோட்டத்துல எத்தன மாட்டுக் கொட்டக இருக்கு? எவனாச்சும் கடுதாசி வாங்கியா கட்டுனான்? ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தா என் மாட்டக் கொண்டாந்து கட்டிர்றேன். மாட்டுக் கொட்டகன்னு சொல்லிருங்க.”

“மாடு முறுக்கத் தின்னுட்டா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“வாடகன்னு நெனச்சுக்க.”

சிரித்துக்கொண்டேதான் தொடங்கினோம். ஆனால் அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் லயத்தைச் சுற்றி மாட்டுக் கொட்டகைகள் தலைமுறையாக நிற்கின்றன. எந்தத் துரையும் ஒன்றைக்கூடப் பிரிக்கச் சொன்னதில்லை. மாட்டுக்குக் கூரை போட்டால் அது மாட்டுக் கொட்டகை. நாங்கள் சட்டி வைக்கக் கூரை போட்டால் காணி பிடிக்கிறோம் என்று அர்த்தம்.

லயத்துக்குப் பின்னால் அந்தத் துண்டில் என் வீட்டுக்காரர் தூண் நட்டு, தகரம் போட்டு, சீமெந்துத் தரை போட்டு, குழாயில் தண்ணீரும் இழுத்தார். அவர் கொழும்பில் சேர்த்ததெல்லாம் அந்தத் தரைக்குள் போனது. மெசினை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். அவர் மா பிசைந்தால் மா தனி. ரொட்டி அடித்த கை. லேபல் இல்லாமலேயே லயத்து லயமாகச் சாமான் போனது. வாரத்தில் ஒருநாள் கண்டாக்கையா, அதாவது மலை வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், எங்கள் பக்கம் வருவார். அவர் தலை தெரிந்ததும் மெசினுக்குச் சாக்கு, கொட்டகைக்குள் மாடு.

“என்னா, ஒங்க மாடு எண்ணெயா கறக்குது? மணம் மல வரைக்கும் வருது,” என்று ஒருநாள் கேட்டார்.

“நல்ல சாதி மாடுங்க ஐயா,” என்றார் அண்ணன்.

ஐயா இரண்டு பக்கெட் முறுக்கோடு போனார். காசு கொடுக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் போனார்.

அந்த மழைக்காலம் முழுக்க என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்துக் கூட்டிப் போனார். கொஞ்ச நாளில் மகள் டீவிக்காக அவரோடு சண்டை போடத் தொடங்கினாள். அவரிடம் சண்டை போடுகிற அளவுக்குப் பழகிவிட்டாளே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பரிசோதகருக்கு மறுபடி விண்ணப்பம் கொடுத்தேன். வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் வருகிற நாள் தெரிந்தால் தரையைத் தேய்த்துக் கழுவி, மாட்டின் வாசமே இல்லாமல் வைப்பது என்று முடிவு பண்ணியிருந்தோம்.

அவர் வருகிற நாள் தெரியவில்லை. துரையின் ஜீப் மேலே ஏறி வருகிறது என்று கீழ் லயத்திலிருந்து சத்தம் கொடுத்தார்கள். ஜீப் என்றால் துரை, துரை என்றால் மாடு. அடுப்பை அணைத்துச் சட்டியை மறைத்து, அண்ணன் மாட்டை இழுத்துக்கொண்டு வந்து கட்டினார். ஜீப் நின்றது. துரை இறங்கினார். அவருக்குப் பின்னால் மிஸ் இறங்கினார். மிஸ்ஸுக்குப் பின்னால் சுகாதாரப் பரிசோதகர் இறங்கினார். மெசின் வாங்கியவர்கள் எப்படித் தொழில் செய்கிறார்கள் என்று அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து பார்க்கிற நாளாம் அது. இடம் கேட்டு நான் நாயாக அலைந்தபோது ஒன்றாக வராதவர்கள் அன்றைக்கு ஒரே ஜீப்பில் வந்தார்கள்.

பரிசோதகர் மாட்டைப் பார்த்தார். சாக்குக்குக் கீழே மெசினின் கால் தெரிந்தது, அதையும் பார்த்தார்.

“இது என்ன கொட்டக?” என்றார்.

என் வீட்டுக்காரர் துரையைப் பார்த்தார், பரிசோதகரைப் பார்த்தார். மாட்டுக் கொட்டகை என்றால் பதிவு போச்சு. சமையல் கொட்டகை என்றால் கொட்டகையே போச்சு. அவர் வாய் திறந்தபடி நின்றார். அந்த மனுசன் அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் முன்னால் போனேன்.

“தொர, மிஸ், ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்க. இந்தக் காணி யாருதுங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. மாட்ட நான் இப்பவே அவுத்து விட்டுர்றேன்.”

துரை மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மாடு சீமெந்துத் தரையில் மூத்திரம் பெய்தது. எல்லாரும் அது முடிகிற வரைக்கும் நின்றார்கள்.

“அக்கா, இப்ப அதில்ல பிரச்சின,” என்றார் மிஸ்.

“அது மட்டுந்தாங்க பிரச்சின,” என்றேன்.

துரை ஆபீசில் பேசுவோம் என்று ஜீப்பில் ஏறினார். ஆபீசில் ஒன்றும் பேசவில்லை. கொட்டகையை அகற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒருத்திக்கு விட்டால் நாளைக்கு லயத்தில் எல்லாரும் கட்டுவார்கள் என்று துரை சொன்னதாகக் கண்டாக்கையா வந்து சொன்னார். இப்போது அவர் முறுக்குக் கேட்கவில்லை. கட்ட விடுவதற்கு அதிகாரம் இல்லாத துரைக்குப் பிரிக்கச் சொல்வதற்கு மட்டும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று மிஸ்ஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அது தோட்ட நிர்வாகத்து விசயம் அக்கா, நாங்கள் தலையிட முடியாது என்றார்.

ஆள் வைத்து உடைக்கும் வரைக்கும் இருக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரரே பிரித்தார். ஆணியைக்கூட வளைக்காமல் பிடுங்கினார். தகரமும் தூணும் வீணாகக் கிடப்பதைப் பார்த்து அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார், எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அவர் அதே இடத்தில், அதே தூணை நட்டு, அதே தகரத்தைப் போட்டு மாட்டைக் கட்டினார். இன்றைக்கும் அங்கேதான் கட்டுகிறார். யாரும் கடிதம் கேட்கவில்லை. எங்கள் சீமெந்துத் தரையில் மாடு நிற்கிறது. மெசின் என் காம்பராவுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அவர் கொழும்புக்குத் திரும்பிப் போனார். கல்லில் வேறு ஆள் நின்றான். பழைய முதலாளி இரக்கப்பட்டு மேசை துடைக்கவும் பிளேன்டீ ஊற்றவும் வைத்துக்கொண்டார். ரொட்டி பாஸ் என்று கூப்பிட்டவர்கள் இப்போது கையைத் தட்டிக் கூப்பிடுகிறார்களாம்.

வருசம் பிறந்ததும் கம்பெனி காலண்டர் அடித்தது. தங்கள் தேயிலை விற்கிற கடைகளுக்கெல்லாம் கொடுத்தது. ஒரு மாதத்துக்கு என் படம். மெசினுக்குப் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், கீழே அரசாங்கத்தின் முத்திரையும் கம்பெனியின் முத்திரையும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே அது தொங்கியதை நானே பார்த்தேன். தொங்கட்டும், அந்த ஜன்னலில் நான் எத்தனையோ பார்த்தாயிற்று என்று வந்துவிட்டேன். அதே காலண்டர் அவர் வேலை செய்கிற கடையிலும் தொங்கியது என்பது அவர் போனில் சொன்னபோதுதான் தெரிந்தது.

“மொதலாளி பாத்துட்டு, இது ஒன் சம்சாரம்தானேன்னு கேட்டாரு. ஆமான்னேன். பொண்டாட்டி பெரிய தொழில் நடத்துறா, நீ என்னாத்துக்குடா இங்க வந்து பிளேன்டீ ஊத்துறேன்னாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“மேசையில ஆள் கூப்புட்டாங்க. போயிட்டேன்.”

அந்த மாதம் முடிந்து தாளைப் புரட்டுகிற வரைக்கும் அவர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பிளேன்டீ ஊற்றியிருக்கிறார்.