கிணற்றுக்காகக் கட்டிய ஸ்டேஷன்

1. வண்டிக்கு அடியில்

போர்வெல் போடுகிற ரிக் வண்டியை நிறுத்தி, நாலு ஜாக்கியும் ஊன்றி, துளைக்கும் பிட்டை இறக்கிய பிறகு வண்டிக்கு அடியில் தரையே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு போய் முப்பது வருஷமாக ஊர் ஊராக போர்வெல் போட்டவன் நான். பாறையில் பிட் சிக்கியிருக்கிறது, கேசிங் பைப் கோணியிருக்கிறது. தரை காணாமல் போனது அந்த ஒரு இடத்தில்தான்.

முதல் ராடு பாதிகூட இறங்கவில்லை. ஹேமர் சத்தம் திடீரென்று மாறியது. ராடு சரக்கென்று கீழே போய் நின்றது. அதுவரை குழியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்த மண்ணும் தூசியும் நின்றுவிட்டன. கம்ப்ரசர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, காத்து மேல வரலீங்க. எங்கியோ போவுதுங்க" என்றான் முருகேசன். என் வண்டியின் டிரில்லர். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை.

எங்கே போனது என்று அடுத்த நிமிஷமே தெரிந்தது. நாங்கள் போர் போட்டது ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷனில். அதன் பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு இரும்புக் குழாய் நின்றது. அந்தக் காலத்து நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் விடுகிற குழாய், யானைத் தும்பிக்கை போல மேலே போய் வளைந்திருக்கும். இன்ஜின் ஓய்ந்த நாளிலிருந்து அது வாயைத் திறந்ததில்லை. அதிலிருந்து முதலில் தூசி வந்தது. பிறகு துருச் செதில், ஒரு குருவிக் கூட்டின் வைக்கோல். அதற்கப்புறம் ஒரு ஊளை. சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள் ஏணியை விட்டு இறங்கி ஓடினார்கள்.

ஊளையோடு வந்த காற்று ஈரமாக இருந்தது, பாசி வாசம் அடித்தது. தண்ணீர் வாசத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஏர் லைனை மூடு!" என்று கத்தினேன். சந்தோஷத்தில் கத்தினேனா பயத்தில் கத்தினேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

2. அங்கே போன கதை

அந்த ஸ்டேஷன் சேலத்துக்குக் கிழக்கே, அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஆத்தூர் ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் கட்டியது. அகலப் பாதை போட்டபோது லைனை நேராக்கி வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளம் போயிற்று, ஸ்டேஷன் அப்படியே நின்றது.

சும்மா நிற்கவில்லை, அரண்மனை மாதிரி நின்றது. இரண்டு ஆள் கைகோத்தாலும் கட்ட முடியாத கல்தூண்கள். வெயிட்டிங் ஹாலின் கூரையைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் துண்டு தோளிலிருந்து விழும். முதல் தடவை உள்ளே போனபோது, கம்ப்ரசர் சத்தத்தில் கத்திக் கத்தியே பழகிய என் தொண்டை தானாக அடங்கிவிட்டது. கோயிலுக்குள் நுழைந்தவன் போலக் கிசுகிசுவென்று பேசினேன்.

அதை அண்ணன் பணத்தில் ஏலத்துக்கு எடுத்து ஹோட்டலாக மாற்றியவர் வசந்தாமணி. ராசிபுரத்தில் பட்டு நெசவும் ஜவுளி வியாபாரமும் செய்கிற குடும்பம். டிக்கெட் கவுண்டர் ரிசப்ஷன் ஆகியிருந்தது. பயணிகள் இரவு தங்கிய மாடி அறைகளில் கட்டில் போட்டாயிற்று. எல்லாம் தயார், தண்ணீர்தான் இல்லை.

முதல் போருக்குத் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடந்தார், அது நிமிர்ந்த இடத்தில் போட்டோம். ஆயிரம் அடிக்கும் வெறும் பாறைத் தூசி. எங்கள் பாஷையில் புகை. இரண்டாவதற்கு மிஷின் வைத்துப் பார்க்கிறவர் வந்தார். அங்கேயும் புகைதான். சாமியும் சயின்சும் அந்த விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன.

"இதுதானுங்க கடைசி" என்றார் வசந்தாமணி, மூன்றாவது போருக்கு. "டேங்கர் லாரிய நம்பி ஓட்டல் நடத்த முடியாதுன்னு எங்கண்ணன் சொல்லிப்போட்டாரு. இதுவும் புகையாப் போச்சுன்னா குடோன் கட்டறவங்களுக்குக் கை மாத்தியுட்ருவாருங்க. அவங்களுக்கு எடம்தான் வேணும். இந்தத் தூணு, கூரை எல்லாத்தையும் இடிச்சுப்போட்டு தகரச் சீட்டுக் கொட்டாய் போடுவாங்க."

அவர் ஒரு கல்தூணின் மேல் கையை வைத்துக்கொண்டே இதைச் சொன்னார்.

மூன்றாவது போருக்குப் பாயிண்ட், அதாவது துளை போடும் இடம், யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். முன்பக்க வளைவுக்குள் ரிக் நுழையாது. தோட்டத்தில் மரங்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் கல் பாவிய முற்றம் ஒன்றுதான் காலியாகக் கிடந்தது. நீரோட்டம் பார்க்கவில்லை, லாரி நிற்க இடம் பார்த்தோம். ஊரில் பாதி போருக்கு அப்படித்தான் இடம் அமைகிறது. வெளியே சொல்ல மாட்டோம்.

3. வண்டியை எடுத்தது

ராடைக் கழற்றி மேலே எடுத்து, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டடி மண். அதற்குக் கீழே செங்கல், வில் மாதிரி வளைத்துக் கட்டியது. செங்கல்லுக்குக் கீழே வெறும் இருட்டு. ஒரு சல்லிக்கல்லைப் போட்டேன். 'ப்ளக்' என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் புரிந்தது. பெரிய கிணறு ஒன்றின் மேல்மூடியில் இத்தனை டன் ரிக்கையும், பக்கத்தில் கம்ப்ரசர் லாரியையும் நிறுத்தி, ஹேமர் அடித்துக் குலுக்கியிருக்கிறோம். விழுந்தால் வண்டியோடு கிணறும் போகும், கிணற்றோடு ஸ்டேஷனும் போகும்.

ஆட்களை எல்லாம் முற்றத்தை விட்டு வெளியே போகச் சொன்னேன். கம்ப்ரசர் லாரியை முதலில் எடுத்தோம். ரிக்கின் மாஸ்ட் கம்பத்தைப் படுக்கவைத்து, ஜாக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். முருகேசன் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஏறினான்.

"எறங்கு சாமி, நான் எடுக்கறேன்" என்றேன்.

"நீங்க கிளட்ச்சப் படக்குனு உடுவீங்க. நானே எடுக்கறனுங்க" என்றான்.

அது உண்மைதான். ஆனாலும் அவனை இறக்கிவிட்டு நான் ஏறினேன். வண்டி என்னுடையது, அவன் உயிர் என்னுடையது இல்லை. கிளட்ச்சை இஞ்ச் இஞ்சாக விட்டேன். வண்டி நகர்ந்தது. கீழே ஒரு செங்கல்கூட முனகவில்லை. முற்றத்தைத் தாண்டி இறங்கி, அந்தக் கற்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பேர் தெரியாத கொத்தனார்கள் எப்போதோ கட்டிய வளைவு எங்களைத் தாங்கியிருக்கிறது. நான் சாமி கும்பிடுவதே அபூர்வம் என்பார் என் வீட்டுக்காரம்மா. அன்றைக்குக் கும்பிட்டேன்.

4. கிணறு

ஓரத்துக் கற்களைப் பெயர்த்து வழி செய்ய இரண்டு நாள் ஆனது. சுவரை ஒட்டியே கல்படிகள் இறங்கின. முன்னால் நானும், பின்னால் முருகேசனும் வசந்தாமணியும் விளக்கோடு போனோம்.

என் ரிக்கும் கம்ப்ரசரும் பக்கத்தில் பக்கத்தில் உள்ளே நிற்கலாம், அத்தனை அகலம். சுற்றிலும் செதுக்கிய கல், தலைக்கு மேலே செங்கல் வளைவு. நாங்கள் போட்ட ஓட்டை வழியாக ஒரு கம்பு மாதிரி வெயில் இறங்கித் தண்ணீரில் நின்றது. கறுப்பாகத் தெரிந்த தண்ணீர் அந்த ஒரு இடத்தில் மட்டும் பச்சைக் கண்ணாடி போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், முருகேசன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

நான் ஆயிரம் அடி போய்ப் புகையைக் கிளப்பியது பாறைக்குள். தண்ணீர் பாறைக்கு மேலேயே, என் காலடியில் இருந்தது.

சுவரில் கல்லில் வெட்டிய ஒரு துவாரம் தெரிந்தது. அது நேராக அந்தத் தும்பிக்கைக் குழாய்க்குப் போகிறது. காற்று அந்த வழியாகத்தான் போய் ஊளையிட்டிருக்கிறது. டீசல் இன்ஜின் வந்ததும் தேவையில்லை என்று மூடி, மேலே மண் கொட்டிக் கல் பாவிவிட்டார்கள் போலிருக்கிறது.

வசந்தாமணி கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரைத் தொட்டார். அழுதுகொண்டே சிரித்தார்.

"எத்தன நாளு யோசிச்சிருப்பேன்! நாலு ஊடு இருக்கற எடத்துல இத்தாப்பெரிய ஸ்டேசன் எதுக்குன்னு. இப்பத் தெரியுதுங்க. இன்ஜின் தண்ணி குடிக்க இங்க நின்னிருக்குது. அது குடிச்சு முடியறவரைக்கும் சனம் எறங்கி உக்காந்திருக்குது, சாப்புட்டிருக்குது. அதுக்குத்தான் ஹாலு, அதுக்குத்தான் ரூமு. ஸ்டேசனுக்குன்னு கெணறு வெட்டலீங்க. கெணத்துக்காவ ஸ்டேசனக் கட்டியிருக்காங்க."

மோட்டார் வைத்து ஒரு பகல் முழுக்க இறைத்தோம். மறுநாள் காலை தண்ணீர் பழைய மட்டத்துக்கே வந்திருந்தது. ராசிபுரத்திலிருந்து அண்ணன் வந்தார். படி இறங்கினார், பார்த்தார், ஏறினார். குடோன் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

5. பக்கத்து நிலம்

ஹோட்டல் திறந்து நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு, வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் எனக்கு போன் பண்ணினார்.

"அந்தம்மாவுக்குத் தண்ணி பார்த்துக் குடுத்தீங்களாமே. நமக்கும் வேலி ஓரமா ஒண்ணு போட்டுக் குடுங்க. எவ்வளவு ஆழம் போனாலும் சரி."

வந்த வேலையை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் தொழில் தெரியும். வேலி ஓரம் அவ்வளவு ஆழத்துக்கு ஒரு போர் போனால், கிணற்றுக்கு வருகிற எந்தக் கசிவை வழியில் அறுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அறுத்தால் அந்தக் கிணறு ஒரே கோடையில் வற்றும். அப்புறம் குடோன்தான். நான் மாட்டேன் என்றால் நாளைக்கே வேறு வண்டி வந்து நிற்கும்.

வசந்தாமணியிடம் சொன்னேன். கோர்ட்டு, ஸ்டே என்று கிளம்புவார் என்று நினைத்தேன்.

"அவருக்குப் போர் மேல ஆசைங்களா? தண்ணி வேணும், அவ்வளவுதானுங்களே" என்றார்.

அந்த வாரமே கிணற்றிலிருந்து வேலியைத் தாண்டிப் பைப் போனது. ரோட்டுப் பக்கச் சுவரில் ஒரு குழாயும் வந்தது. போகிற வருகிற யாரும் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது கிணற்றைத்தான். நான் போட்ட ஓட்டையை வசந்தாமணி அடைக்கவில்லை, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார். உச்சி வெயிலில் படியில் நின்று அந்த வெளிச்சக் கம்பைப் பார்க்கிறவர்கள் போனை எடுக்க மறந்துவிடுகிறார்கள். இத்தனை தடவை போயும், எனக்கு அங்கே இன்னும் மூச்சு ஒரு நொடி நிற்கத்தான் செய்கிறது.

ரிக்கில் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பாயிண்ட் வைக்கிறதுக்கு முன்னால், இந்த இடத்தில் நமக்கு முன்னால் யார் தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரியுங்கள். கிடைத்த தண்ணீரைக் காப்பாற்ற வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். இரண்டாவதை எனக்கு வசந்தாமணி கற்றுக்கொடுத்தார்.

பைப் போன மறுநாள் அந்த நிலத்துக்காரர் மறுபடி போன் பண்ணினார். "வண்டி வேணாங்க, தண்ணி வந்துருச்சு" என்றார். ஒரு போர் கைவிட்டுப் போனதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.