லாயத்துக்கு வந்த மாப்பிள்ளை

வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீடு ஒரு காலத்தில் குதிரை லாயம். வீட்டுக்காரரின் பாட்டனார் கட்டியது. வீட்டுக்காரர் நடுவில் சுவர் வைத்து, ஒரு சமையலறையும் சேர்த்து எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். "ஏனுங்க, வேற எந்த ஊட்டுல இத்தன காத்து வருமுங்க?" என்பார். உண்மைதான். குதிரைக்கு யோசித்த அளவுக்கு வாடகைக்காரருக்கு யாரும் யோசிப்பதில்லை.

கொள்ளு வைத்த கல்தொட்டியில் பாத்திரம் கழுவினோம். சுவரில் இடுப்பு உயரத்தில் மூன்று இரும்பு வளையங்கள் இருந்தன. ஒன்றில் குடை, ஒன்றில் என் டிபன் பை. யாருக்கும் ஒரு குறையும் இல்லை, என்னைப் பெண் பார்க்க வருகிற வரைக்கும்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. எனக்கு முப்பது நெருங்கிவிட்டது. ஆகவே அப்பா, மாப்பிள்ளை வீட்டாரிடம் "பழைய பங்களா, அதுல ஒரு பக்கம் நாங்க" என்று சொல்லி வைத்திருந்தார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒன்றுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் வளையத்தைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு அண்ணாச்சி?"

"ஊஞ்சல் மாட்டுறதுக்கு" என்றார் அப்பா.

அந்த உயரத்தில் ஊஞ்சல் மாட்டினால் தரையில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். அந்த அம்மா வளையத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவுக்கு வியர்த்தது. எனக்குக் கோபமாக வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது.

இரண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை கல்தொட்டியைப் பார்த்துவிட்டு, "அது ஊஞ்சல் வளையம் இல்ல, இல்லையா?" என்றார்.

ஆமாம், ஊஞ்சல்தான் என்றால் ஆயுசுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். "குதிரை கட்டினது. இது லாயம்" என்றேன். போச்சு, மூன்றாவதும்.

அவர் தொட்டி விளிம்பில் கை வைத்தபடி கேட்டார்.

"என்னைய பனியன் கம்பெனில சூப்பர்வைசர்னு சொல்லியிருப்பாங்களே?"

"ஆமா."

"டெய்லர்தான். பவர் டேபிள் மிஷின்ல தைக்கிறேன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கூடத்துக்கு வந்து இருவரும் சம்மதம் சொன்னோம்.

அவர்களை வழியனுப்பிவிட்டு அப்பா என்னைத் தனியே அழைத்தார். "அந்தப் பையன்கிட்ட எதையும் உளறலையே?"

"இல்லப்பா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்காக நான் வருத்தப்படவே இல்லை.