இடது பக்கத் தகடு

மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் அழகம்மா வழுக்கி விழுந்தது 2003 கார்த்திகையில். இடுப்பெலும்பு முறிந்து, லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் கிடந்தாள். அவள் முனகல் சுவர் வழியாகப் பேச்சியம்மாவுக்குக் கேட்டபடி இருந்தது. பொங்கலுக்கு முன் நின்றுவிட்டது.

பேச்சியம்மாவும் தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள்தான். நுவரெலியாவில் நடந்த மருத்துவ முகாமில், எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி டாக்டரம்மா ஒரு கால்சட்டை கொடுத்தார். இடுப்பின் இரு பக்கமும் சிரட்டை போலக் குவிந்த தகடு. விழுந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். சேலைக்குள் எப்போதும் போட்டிருக்க வேண்டும்.

மகள் சண்முகவடிவு கொழுந்தெடுக்க மலைக்குப் புறப்படும்போதெல்லாம் கேட்பாள்.

"ஏம்மா, போட்டிருக்கியா?"

"போடாம? தட்டிப் பாரு. மலையில வேல வாங்குற கண்டாக்கய்யாவுக்குக்கூட இப்பிடிக் கால்சட்ட கெடையாது."

"பேச்சுக்குக் கொறைச்சல் இல்ல. தண்ணிக்கு மட்டும் போயிராத. நான் வந்து எடுக்கிறேன்."

"நீ வர்ற வரைக்கும் ஒல காத்துக்கிட்டு இருக்குமா?"

குடத்தைப் பேச்சியம்மா சிறுவயது முதல் இடது இடுப்பில்தான் வைப்பாள். தகட்டின் மேல் அது நிற்கவில்லை; வழுக்கி வழுக்கி இறங்கியது. ஒரு நாள் தையலைப் பிரித்து இடது தகட்டை மட்டும் உருவினாள். குடம் பழைய இடத்தில் அமர்ந்தது. வலது பக்கம் இருக்கிறதே, போதும் என்று நினைத்தாள்.

உருவியதை வீணாக்கவும் மனம் வரவில்லை. கூடைக் கயிறு தலையை அறுக்கிறது என்று மகள் இரவெல்லாம் உச்சியைத் தேய்ப்பாள். கயிற்றுக்கு அடியில் தலையில் போடும் கொங்காணித் துணியின் மடிப்புக்குள் தகட்டை வைத்துத் தைத்தாள்.

மறுநாள் காலை சண்முகவடிவு வழக்கம்போலத் தட்டிப் பார்த்தாள். பேச்சியம்மா வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

அன்று மலையில் ஆனி மழை. கூடை நிறைந்தும் தலை வலிக்கவில்லை. சண்முகவடிவுக்கு அது புதிதாக இருந்தது. கொங்காணியை இறக்கித் தடவினாள். சிரட்டை போல ஏதோ விரலில் தட்டியது.

பல்லால் தையலைக் கடித்துப் பிரித்தாள்.

கீழே மூடுபனி விலகி லயம் தெரிந்தது. பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பாசிக் கல்லில் குடம் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அம்மாவின் சேலை நிறம்.

"அம்மா!"

தகட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். பாதி இறக்கத்தில் மூடுபனி மீண்டும் மூடிக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தத்தோடு அந்த முனகலும் கேட்டது. அடுத்த காம்பராவில் கேட்ட அதே முனகல்.